ஒப்பந்தமும் பாலிசியும்: செக்யூரிட்டி கம்பெனி தொடங்கும் தம்பிகளுக்கு

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கம் மானாவாரி வெள்ளாமையை நம்பி ஒரு குடும்பம் ஓடாது. அதனால் வீட்டுக்கு ஒருவர் திருப்பூருக்கோ பட்டாளத்துக்கோ போயிருப்பார். பட்டாளத்திலிருந்து நாற்பது வயதை ஒட்டிப் பென்ஷனோடு திரும்பும் பிள்ளைகளில் சிலர் என்னிடம் வந்து, "ஐயா, நாலு மில்லுக்கு ஆள் போடலாம்னு இருக்கேன்" என்கிறார்கள். நல்ல யோசனைதான். நூற்பாலை, கல்குவாரி, சோலார் பிளான்ட், கல்லூரி, கல்யாண மண்டபம் எல்லாவற்றுக்கும் ஆள் தேவைப்படுகிறது. யூனிஃபார்ம், விசில், டார்ச் வரைக்கும் பட்டியல் தயாராக வைத்திருக்கிறார்கள். இன்சூரன்ஸ் பற்றிக் கேட்டால், "டெண்டர்ல கேட்டா எடுத்துக்கலாம்" என்று பதில் வருகிறது. அந்தப் பதில் என்னைத் தூங்கவிடுவதில்லை. அதனால் எழுதுகிறேன்.

1. முதல் பாலிசி உங்கள் ஆளுக்கு. மில் முதலாளியின் சொத்துக்கு அப்புறம்.

2025 நவம்பரில் நம் விருதுநகர் மாவட்டத்திலேயே, ராஜபாளையம் பக்கம் தேவதானத்தில், நச்சாடை தவிர்த்தருளிய சுவாமி கோயிலில் இரவுக் காவலுக்கு இருந்த இரண்டு பேரை வெட்டிக் கொன்றார்கள். வந்தவர்களின் குறி உண்டியல். 2017 ஏப்ரலில் கோடநாடு எஸ்டேட்டில் கொள்ளையடிக்க வந்தவர்கள் கையில் செத்ததும் ஒரு காவலாளிதான். பூட்டைத் தொடுவதற்கு முன்னால் அந்தப் பூட்டுக்கு முன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பவரைத்தான் தொடுகிறார்கள். அவர் இறந்தால் வீட்டுக்கு எவ்வளவு போகும், எத்தனை நாளில் போகும், யார் கொடுப்பார்கள் என்று சொல்லத் தெரியாத கம்பெனி ஓர் ஆளைக்கூடப் பாராவுக்கு நிறுத்தக் கூடாது. இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

2. பத்துப் பேர் சேர்ந்துவிட்டால் இ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்கும் ஒவ்வொருவரும் அதில் வர வேண்டும். உங்கள் பங்கு 3.25 சதவீதம், ஆளின் பங்கு 0.75. வேலையில் நேர்ந்த விபத்தில் ஒருவர் இறந்தால் சராசரிச் சம்பளத்தில் 90 சதவீதம் மாதாமாதம் அவர் குடும்பத்துக்குப் பங்கிட்டுப் போகும். இந்தத் தொகைக்கு இவ்வளவு பெரிய பாதுகாப்பை எந்தத் தனியார் பாலிசியும் தராது. அப்படியிருந்தும் முப்பது பேரை வைத்துக்கொண்டு பதினைந்து பேரைக் கணக்கில் காட்டி, மற்றவர்களுக்குக் கையில் சம்பளம் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். விபத்து கணக்கில் இல்லாத ஆளுக்கு நடக்கும்போது அந்தச் சேமிப்பு என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

பத்துப் பேருக்குக் கீழே இருக்கும் வரையிலும், 21,000 ரூபாயைத் தாண்டிய மேற்பார்வையாளர்களுக்கும் ஊழியர் இழப்பீட்டு பாலிசி எடுக்க வேண்டும். ஏஜென்ட் அதை இன்னும் "டபிள்யூ.சி. பாலிசி" என்றுதான் சொல்வார். 1923ஆம் ஆண்டுச் சட்டம் அது; 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புக்குள் வந்துவிட்டது. கணக்குப் போடும் முறை பழையதுதான். இறந்தவரின் மாதச் சம்பளத்தில் பாதியை எடுத்து, அவர் வயதுக்கு அட்டவணையில் இருக்கும் எண்ணால் பெருக்க வேண்டும். 12,000 சம்பளம் வாங்கிய ஐம்பது வயதுக்காரர் என்றால் 6,000-ஐ 153.09-ஆல் பெருக்க, 9,18,540 ரூபாய். முப்பது வயதுப் பையன் என்றால் எண் 207.98, தொகை 12,47,880. ஆறு பேரை வைத்துத் தொடங்குகிற உங்களிடம் அந்தப் பணம் இருக்கிறதா? பழைய சட்டப்படி ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. தகுந்த காரணம் இல்லாமல் இழுத்தடித்தால் 50 சதவீதம் வரை அபராதம். அந்த அபராதத்தை இன்சூரன்ஸ் கம்பெனி ஏற்காது.

நீங்கள் கொடுக்காவிட்டால் உங்களை வேலைக்கு வைத்த மில்லிடம் குடும்பம் கேட்கலாம். மில் கொடுத்துவிட்டு உங்களிடம் வசூலிக்கும். அதனால்தான் விவரம் தெரிந்த மில் மேனேஜர் ஒப்பந்தத்துக்கு முன் இந்தப் பாலிசியைக் கேட்கிறார். கேட்காத மேனேஜரிடமும் நீங்களே எடுத்துக் காட்டுங்கள்.

இன்னொன்று. "குடிச்சிருந்தான், அதனால கிடையாது" என்று சொல்லித் தப்பிக்கப் பார்ப்பவர்கள் உண்டு. சின்னக் காயத்துக்கு அந்த வாதம் நிற்கும். இறந்துவிட்டாலோ, நிரந்தரமாக முழுக்க முடமாகிவிட்டாலோ நிற்காது.

3. கேட்டுக்கு வெளியே நடப்பதும் உங்கள் கணக்கில் வரலாம்.

மகாராஷ்டிரத்தில் ஒரு சர்க்கரை ஆலை வாட்ச்மேன். அதிகாலை 3 மணி முதல் 11 மணி வரை டூட்டி. 2003 ஏப்ரல் 22 அன்று மோட்டார் சைக்கிளில் வேலைக்குப் போகும் வழியில், ஆலைக்கு ஐந்து கிலோமீட்டர் இருக்கும்போது விபத்தில் இறந்தார். இழப்பீட்டு ஆணையர் 3,26,140 ரூபாயும் வட்டியும் கொடுக்கச் சொன்னார். வேலை இடத்தில் நடக்கவில்லை என்று உயர் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. 2025 ஜூலை 29 அன்று உச்ச நீதிமன்றம் குடும்பத்தின் பக்கம் தீர்ப்புச் சொன்னது: வேலைக்குப் போகிற வழியில் நடந்தாலும், நேரம், இடம், சூழ்நிலை மூன்றுக்கும் வேலையோடு தொடர்பு இருந்தால் அது வேலை விபத்துதான். இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் மனைவி காத்திருந்திருக்கிறார்.

நம் ஊரில் இது எத்தனை பேருக்குப் பொருந்தும் என்று பாருங்கள். மதுரை – தூத்துக்குடி நான்கு வழிச்சாலையைச் சைக்கிளிலும் டிவிஎஸ்ஸிலும் குறுக்கே கடந்துதான் நம் ஆட்கள் நைட் ஷிப்டுக்குப் போகிறார்கள். இரவு பத்து மணிக்கு மேல் திருச்சுழி கிராமங்களுக்கு பஸ் கிடையாது. ஆளின் வீடு எங்கே, எந்த வழியாக எத்தனை மணிக்குக் கிளம்புவார் என்று பதிவேட்டில் எழுதி வையுங்கள். விபத்து நடந்தால் அந்த ஒரு வரி அவர் குடும்பத்துக்குச் சாட்சி. பாலிசி எடுக்கும்போதே, வேலைக்கு வந்துபோகும் வழி அதில் அடங்குமா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். ஒளிரும் பட்டை தைத்த மேல்சட்டை ஆளுக்கு ஒன்று கொடுப்பது அதைவிட முக்கியம்.

சோலார் பிளான்டில் வேலி ஓரம் ரவுண்ட்ஸ் போகிறவருக்குக் கட்டுவிரியனும் சுருட்டையும் இருக்கின்றன. கருவேலங்காட்டுப் பக்கம் முழங்கால் வரை பூட்ஸ் இல்லாமல் யாரையும் அனுப்பாதீர்கள். பாம்புக்கடியும் டூட்டியில் நடந்தால் வேலை விபத்துதான்.

4. லைசென்ஸ் இல்லாமல் பாலிசி வெறும் காகிதம்.

தனியார் பாதுகாப்பு முகமைகள் ஒழுங்குமுறைச் சட்டம் 2005-இல் வந்தது. தமிழ்நாட்டு விதிகள் 2008-இல். லைசென்ஸ் ஐந்தாண்டுக்கு. ஒரு மாவட்டத்துக்கு 5,000, ஐந்து மாவட்டம் வரை 10,000, மாநிலம் முழுவதுக்கும் 25,000 என்று சட்டத்திலேயே கட்டணம் இருக்கிறது. நம்மவர்கள் சிக்கிக்கொள்வது இந்த மாவட்டக் கணக்கில்தான். திருச்சுழியிலிருந்து கிழக்கே கொஞ்ச தூரம் போனால் கமுதி. அது ராமநாதபுரம் மாவட்டம். 648 மெகாவாட் சோலார் நிலையம் அங்கேதான் இருக்கிறது. அதைச் சுற்றி ஆள் தேவை அதிகம். விருதுநகருக்கு மட்டும் லைசென்ஸ் வைத்துக்கொண்டு கமுதியில் ஆள் நிறுத்தி, அங்கே ஒரு கேபிள் திருட்டு நடந்தால், இன்சூரன்ஸ் கம்பெனி முதலில் லைசென்ஸைத்தான் பார்க்கும். பாலிசியிலும் எந்தெந்த இடம் என்று பட்டியல் இருக்கும். புது சைட் கிடைத்த அன்றே அதைச் சேர்க்கச் சொல்லிக் கடிதம் கொடுங்கள்.

காவலருக்கு வயது 18 முதல் 65 வரை என்று அந்தச் சட்டம் சொல்கிறது. ஊரில் எழுபது வயதுத் தாத்தாக்களை இரக்கப்பட்டு கேட்டில் உட்கார வைக்கிறோம். இரக்கம் இருந்தால் அவருக்குப் பகலில் வேறு வேலை கொடுங்கள். பயிற்சியும் அப்படித்தான்: மாதிரி விதிகள் 100 மணி நேரம் வகுப்பு, 60 மணி நேரம் களம் என்கின்றன, பழைய பட்டாளத்துக்காரருக்கும் போலீஸ்காரருக்கும் குறைவு. அந்தச் சான்றிதழ் கிளெய்ம் ஃபைலில் முதல் பக்கமாக இருக்க வேண்டும்.

5. ஒப்பந்தத்தையும் பாலிசியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வரிவரியாகப் படியுங்கள். நான் சொல்வதில் இதற்குத்தான் அதிக நேரம் கொடுக்கச் சொல்வேன்.

காவலுக்கு ஈடு கேட்பது நம் சீமையில் புதிது கிடையாது. பாளையக்காரர் காலத்தில் ஊர்க்காவலும் தேசகாவலும் இருந்தன. ஊர்க்காரர்கள் விளைச்சலில் காவலுக்குப் பங்கு கொடுப்பார்கள். மாடோ தானியமோ களவு போனால் காவல்காரர் கண்டுபிடித்துத் தர வேண்டும், முடியாவிட்டால் ஈடு கட்ட வேண்டும். பாளையக்காரர் போர்கள் முடிந்த 1801-ஐ ஒட்டிக் கும்பினி அந்தக் காவல் வருமானத்தைத் தன் கைக்கு எடுத்துக்கொண்டது. எதிர்பார்ப்பு மட்டும் போகவில்லை. இன்றைக்கும் மில் கொடுக்கும் ஒப்பந்தத்தில், "களவு, சேதம், இழப்பு எதுவானாலும் முழுத் தொகையையும் முகமையே ஈடு செய்ய வேண்டும்" என்று ஒரு வரி இருக்கும். அன்றைய காவல்காரருக்கு விளைச்சலில் பங்கு இருந்தது. உங்களுக்கு ஓர் ஆளுக்கு மாதம் சில நூறு ரூபாய்தான் மிஞ்சும். அந்தச் சில நூறை வைத்து ஒரு லாரி நூலுக்கு ஈடு கட்ட ஒப்புக்கொள்கிறீர்கள்.

"அதுக்குத்தான் பப்ளிக் லயபிலிட்டி பாலிசி இருக்கே" என்பீர்கள். அந்தப் பாலிசியின் விலக்குப் பகுதியைத் திருப்புங்கள். உங்கள் வசம், பராமரிப்பு, கட்டுப்பாட்டில் உள்ள பொருளுக்கு வரும் சேதத்துக்குப் பாலிசி பொருந்தாது என்று பெரும்பாலும் இருக்கும். காவல் கம்பெனியின் வேலையே அடுத்தவர் பொருளைத் தன் பொறுப்பில் வைத்துக்கொள்வதுதானே? அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு வரி: சட்டப்படி உங்களுக்கு இல்லாத பொறுப்பை ஒப்பந்தத்தில் நீங்களாக ஏற்றுக்கொண்டிருந்தால் அதற்கும் பணம் கிடையாது. ஆக "எதுவானாலும் முழுத் தொகை" என்று நீங்கள் போட்ட கையெழுத்துக்குப் பின்னால் எந்தப் பாலிசியும் நிற்காது. உங்கள் வீடும் நிலமும்தான் நிற்கும்.

அதனால் இரண்டு வேலை செய்யுங்கள். மில்லிடம் பேசி அந்த வரியை மாற்றுங்கள்: எங்கள் ஆளின் கவனக்குறைவால் நடந்தது என்று இரு தரப்பும் சேர்ந்து விசாரித்து உறுதியான இழப்புக்கு மட்டும், இத்தனை மாத பில் தொகைக்கு மேல் போகாமல் ஈடு. பல முதலாளிகள் ஒப்புக்கொள்வார்கள். மறுப்பவரின் வேலையை விட்டுவிடலாம். அடுத்து, இன்சூரன்ஸ் கம்பெனியிடம், செக்யூரிட்டி தொழிலுக்கு என்று விலக்கைத் தளர்த்தி, காவலில் உள்ள சொத்தையும் சேர்த்துத் தர முடியுமா என்று கேளுங்கள். பிரீமியம் கூடும். தரமாட்டேன் என்றால் அடுத்த கம்பெனிக்குப் போங்கள். ஒரே கம்பெனியின் ஏஜென்டைவிடப் பல கம்பெனிகளிடம் விலை கேட்டு வரும் புரோக்கர் இந்த இடத்தில் பயன்படுவார்.

பாலிசித் தொகையில் இரண்டு எண் இருக்கும்: ஒரு விபத்துக்கு எவ்வளவு, ஆண்டு மொத்தத்துக்கு எவ்வளவு. ஏஜென்ட் சொல்வது பெரும்பாலும் பெரிய எண்ணை. சின்ன எண்ணைக் கேளுங்கள். துப்பாக்கி வைத்த ஆளை வங்கிக்கோ நகைக்கடைக்கோ அனுப்புவதாக இருந்தால் துப்பாக்கியால் வரும் காயம் விலக்கா என்று தனியாகக் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

6. மில்லுக்கு இன்சூரன்ஸ் இருக்கிறது என்று நிம்மதி அடையாதீர்கள்.

குடோன் பூட்டை உடைத்து நூல் பெட்டிகளைக் கொண்டுபோனால் மில்லின் இன்சூரன்ஸ் கம்பெனி மில்லுக்குப் பணம் கொடுக்கும். கொடுத்த கையோடு மில்லின் உரிமையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டு, அந்தப் பணத்தை வசூலிக்க உங்கள் மேல் வரலாம். 2010-இல் உச்ச நீதிமன்றம் இந்த உரிமையை விரிவாக விளக்கிய வழக்கே ஒரு நூற்பாலையின் பருத்தி நூல் லாரியில் போகும்போது நேர்ந்த சேதத்தைப் பற்றியதுதான். அங்கே மாட்டியது லாரி கம்பெனி. பூட்டு உடையாமல் நூல் குறைந்திருந்தால் வேறு சங்கடம். பலாத்காரமாக உள்ளே நுழைந்ததற்கு அடையாளம் இல்லாவிட்டால் கன்னக்களவு பாலிசியில் பணம் கிடையாது என்று 2004-இலேயே தீர்ப்பு இருக்கிறது. அப்போது மில் நேராக உங்களிடம் வரும். எப்படிப் பார்த்தாலும் கடைசியில் நிற்கப்போவது உங்கள் வாசலில். மில்லின் பாலிசியில் உங்கள் மீது வசூல் உரிமையை விட்டுக்கொடுக்கும் வரி ஒன்றைச் சேர்க்கச் சொல்லிக் கேளுங்கள். கேட்பதற்குக் காசு செலவில்லை.

7. உங்கள் ஆளே எடுத்துவிட்டால்? அதற்கு ஃபிடிலிட்டி கேரண்டி என்று தனிப் பாலிசி. மில்லிடம் அப்படி ஒன்று இருந்தாலும் அது பொதுவாக மில்லின் சொந்த ஊழியருக்குத்தான். ஒப்பந்த ஆள் அதில் வரமாட்டார். வேலைக்கு எடுக்கும் முன் போலீஸ் சரிபார்ப்பும் முந்தைய முதலாளியின் விசாரிப்பும் செய்தீர்களா என்றுதான் முதல் கேள்வி வரும். தெரிந்தவர் பிள்ளை என்பது பதிலாகாது.

8. சாவியைக் கையில் வாங்காதே என்று ஒவ்வோர் ஆளுக்கும் சொல்லுங்கள்.

2025 ஜூனில், நமக்குப் பக்கத்து மாவட்டத்தில், திருப்புவனம் அருகே மடப்புரம் காளி கோயிலில் காவல் வேலை பார்த்த இளைஞர் போலீஸ் விசாரணையில் அடிபட்டு இறந்தார். காரில் வைத்திருந்த நகையைக் காணோம் என்று சாமி கும்பிட வந்தவர் கொடுத்த புகார். காரை நிறுத்தச் சொல்லிச் சாவியைக் கொடுத்ததில் தொடங்கியது எல்லாம். வழக்கு சிபிஐ வரை போனது. அந்தப் பையனின் சாவுக்கு எந்தப் பாலிசியும் பதில் சொல்லாது. அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு கொதிக்கிறது. நம் கையில் இருப்பது இவ்வளவுதான்: கார் சாவி, கைப்பை, செல்போன், பார்சல் எதையும் காவலர் வாங்கக் கூடாது என்று டூட்டி உத்தரவில் எழுதி, கேட்டில் போர்டாகவும் வையுங்கள். புகார் என்று உங்கள் ஆளை ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டால் அவரைத் தனியாக அனுப்பாதீர்கள். வக்கீலோடு நீங்களே போங்கள். அதற்கான வக்கீல் செலவைப் பாலிசி ஏற்குமா என்பதையும் கேட்டுவையுங்கள்.

9. திருடனைப் பிடித்தால் அடிக்கக் கூடாது, கட்டி வைக்கக் கூடாது. பழைய இரும்பு பொறுக்க வேலி தாண்டி வந்த சிறுவனை அறையில் பூட்டிவைத்துவிட்டு மறுநாள் முதலாளியிடம் காட்டலாம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, தனி ஆள் ஒருவர் குற்றவாளியைப் பிடித்தால் தாமதமின்றி, அதிகம் போனால் ஆறு மணி நேரத்துக்குள் போலீஸில் ஒப்படைக்க வேண்டும். வேண்டுமென்றே செய்த குற்றத்துக்கு எந்த லயபிலிட்டி பாலிசியும் துணைக்கு வராது.

10. பிரீமியம் கம்பெனி கைக்குப் போய்ச் சேராத வரை பாதுகாப்பு தொடங்காது. செக் திரும்பினால் பாலிசியும் இல்லை. புதுப்பிக்கும் தேதிக்கு ஒரு மாதம் முன்னாலேயே பணத்தை ஒதுக்குங்கள். மில் பில் வரட்டும் என்று காத்திருந்தால் நடுவில் பத்து நாள் வெறுமையாகப் போகும். சம்பளத் தொகையைக் குறைத்துக் காட்டி பிரீமியத்தை மிச்சம் பிடிக்காதீர்கள். கிளெய்ம் வரும்போது அவர்கள் கேட்கும் முதல் புத்தகம் வருகைப் பதிவேடு.

சம்பவம் நடந்த இரவே புகார், மறுநாளே இன்சூரன்ஸ் கம்பெனிக்கு எழுத்தில் தகவல். சர்வேயர் வரும் வரை இடத்தைக் கலைக்காதீர்கள். ரவுண்ட்ஸ் புத்தகத்தில் கையெழுத்து விட்டுப்போயிருந்தால் விட்டுப்போனபடியே இருக்கட்டும். பின்னால் போட்ட ஒரு கையெழுத்து உண்மையான மற்ற நூறு கையெழுத்தையும் சந்தேகத்துக்கு ஆளாக்கும்.

11. சின்னத் தொகைக்குக் கிடைப்பதை விடாதீர்கள். வருடம் 20 ரூபாய்க்குப் பிரதமர் சுரக்ஷா பீமா. விபத்தில் இறந்தால் 2 லட்சம். 70 வயது வரை. 436 ரூபாய்க்கு ஜீவன் ஜோதி. அதில் சேர ஐம்பது வயதுக்குள் இருக்க வேண்டும். இரண்டும் ஜூன் 1-இல் புதிதாகத் தொடங்கும், மே மாதக் கடைசியில் ஆளின் கணக்கில் பணம் இருக்க வேண்டும். சம்பளத்தை அதற்கு முன்னால் போட்டுவிடுங்கள். இருபது பேர் ஆகிவிட்டால் வருங்கால வைப்பு நிதி. அதோடு சேர்ந்தே வரும் ஈ.டி.எல்.ஐ. காப்பீட்டில், வேலையில் இருக்கும்போது எப்படி இறந்தாலும் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை கிடைக்கும். பல விதவைகளுக்கு அப்படி ஒன்று இருப்பதே தெரியாது. வாரிசுப் பெயர் பதிந்திருக்கிறதா என்று வருடத்துக்கு ஒரு முறை ஒவ்வோர் ஆளையும் உட்காரவைத்துக் கேளுங்கள். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரைப் போட்டவர்கள் அப்படியே விட்டிருப்பார்கள்.

12. கிளெய்மை மறுத்துக் கடிதம் வந்தால் அதோடு முடிந்தது என்று நினைக்காதீர்கள். காரணத்தை எழுத்தில் கேளுங்கள். தனி உரிமையாளர் கம்பெனியோ குறுந்தொழிலோ என்றால் சென்னையில் உள்ள இன்சூரன்ஸ் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். கட்டணம் இல்லை, 50 லட்சம் ரூபாய் வரை அவர் உத்தரவிட முடியும். நம் மாவட்டத்துக்கான நுகர்வோர் ஆணையம் ஸ்ரீவில்லிபுத்தூரில் இருக்கிறது. தொழிலுக்காக எடுத்த பாலிசி என்பதால் நுகர்வோர் வழக்குப் போட முடியாது என்று கம்பெனித் தரப்பில் சொல்வார்கள். நஷ்டத்துக்கு ஈடாக எடுத்த பாலிசிக்கு அந்த வாதம் பொருந்தாது என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. போகும்போது பாலிசியின் முதல் பக்கத்தை மட்டும் எடுத்துப் போகாதீர்கள். நிபந்தனைகள் அச்சிட்ட புத்தகம், மறுப்புக் கடிதம், நீங்கள் தகவல் கொடுத்த கடிதத்தின் ஒப்புகை, மில்லோடு போட்ட ஒப்பந்தம், அந்த மாத வருகைப் பதிவேடு, எல்லாவற்றுக்கும் மூன்று நகல்.